குந்த முடியாதவர்களுக்கும் கக்கூஸ் வேண்டும்

சம்பளத்துக்காக, வீட்டுக் காணிக்காக, வெட்டிய அரைப் பேருக்காக நாம் கொடி பிடித்திருக்கிறோம். கக்கூஸில் உட்கார ஆடாத ஓர் இருக்கை வேண்டும் என்று எந்தத் தோட்டத்திலும் யாரும் கொடி பிடித்ததை நாம் பார்த்ததில்லை. அதைச் சொல்வதற்கே கூச்சம். தலைவரிடம் சொன்னால் சிரிப்பாரோ, துரையிடம் போனால் "இதற்குமா கமிட்டி?" என்று கேட்பாரோ என்று பயம். சொந்த மகனிடம் சொல்லக்கூட அம்மாவுக்கு நாக்கு எழாது. கூச்சத்தோடு இருந்தே பலர் விழுந்துவிட்டார்கள். அதனால் இந்த முறை கக்கூஸைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறோம்.

நமது லயங்களில் பெரும்பாலும் இருப்பது குந்தி இருக்கும் கக்கூஸ். முழங்கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. குந்தி இருப்பதுதான் வயிற்றுக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வதோடு நமக்குச் சண்டையும் இல்லை. உடம்பு எதிலும் படாது, ஒரு வாளித் தண்ணீரில் கழுவிவிடலாம். எல்லாவற்றையும் இடித்துப்போட்டு வீட்டுக்கு வீடு கொமட் வையுங்கள் என்று நாம் கேட்கவில்லை. மாசி, பங்குனியில் குழாயில் காற்று மட்டும் வரும் டிவிஷன்களில் கொமட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நாம் பேசுவது குந்த முடியாதவர்களைப் பற்றி. முப்பது, முப்பத்தைந்து வருடம் கொழுந்துக் கூடையைச் சுமந்து மலை ஏறி இறங்கிய முழங்கால் எத்தனை பேருக்கு முழுதாக மடங்குகிறது? பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். சீனி வியாதியால் விரலையோ பாதத்தையோ எடுத்தவர்கள் இருக்கிறார்கள். கவ்வாத்துக் கத்தி பட்டு, கானில் விழுந்து கால் முறிந்தவர்கள் இருக்கிறார்கள். மாதம் நிறைந்த கர்ப்பிணிகளையும் ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்று வந்தவர்களையும் இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை.

இடுப்பெலும்பு முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்து வரும் பாட்டிமாரைப் பாருங்கள். துண்டு வெட்டும்போது, "குந்த விடாதீர்கள், தாழ்வான இடத்தில் உட்கார வைக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் வேன் வந்து நிற்கும் லயத்தில் இருப்பது குந்தும் கக்கூஸ் மட்டும். அதுவும் வீட்டுக்குப் பின்னால், பாசி பிடித்த நாலு படி இறங்கி. மருமகள் ஒரு கையையும் பேத்தி ஒரு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்துகிறார்கள். மருமகள் காலையில் மலைக்குப் போய்விட்டால் மாலைவரை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எங்கள் டிவிஷனில் ஓர் அப்பாயி பகலில் தேத்தண்ணி குடிப்பதையே விட்டுவிட்டார். கேட்டால் பசி இல்லை, தாகம் இல்லை என்பார். அந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் எங்களிடம் சொல்லித்தான் உண்மை தெரிந்தது. தண்ணீரைக் குறைத்தால் மலம் இறுகும். இறுகினால் முக்கிக்கொண்டு நெடுநேரம் இருக்க வேண்டும். நெடுநேரம் இருந்து எழுந்தால் தலை சுற்றும், விழுவார்கள். விழுந்தால் மறுபடியும் பெரியாஸ்பத்திரி.

இதற்கு நமது வீடுகளில் கண்டுபிடித்திருக்கும் வழி பிளாஸ்டிக் கதிரை. நடுவில் வட்டமாக வெட்டி, குழிக்கு மேலே வைத்துவிடுகிறோம். பெற்றவர்கள் மேல் உள்ள பாசத்தில் செய்வதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதிரை ஆபத்தானது. பாரத்தைத் தாங்குவதே அந்த நடுப்பகுதிதான், அதை வெட்டியதும் கதிரையின் பலம் போய்விடுகிறது. ஈரச் சீமெந்துத் தரையில் பிளாஸ்டிக் கால்கள் விரிந்துகொண்டே போகும். வெயிலில் பல வருடம் கிடந்த கதிரை என்றால் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். வெட்டிய ஓரம் தொடையைக் கிழிக்கும். சீனி வியாதிக்காரருக்கு அப்படி ஒரு சிறு கீறல் வந்தால் ஆற எத்தனை மாதம் என்று நமக்குத் தெரியும். கதிரையின் இரண்டு கால் தரையிலும் இரண்டு கால் கக்கூஸ் பேசினின் மிதியிலும் நிற்க, மட்டத்துக்கு மடித்த காட்போட் துண்டு வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. காட்போட் நனைந்த அன்றைக்குக் கதிரை சரியும்.

நல்ல இருக்கை செய்வது பெரிய வித்தை இல்லை. மரச் சட்டத்திலோ இரும்புக் குழாயிலோ நாலு கால். கால்கள் கீழே போகப் போகச் சற்று அகல வேண்டும். மேலே உட்காரும் இடத்தை விடக் கீழே நிற்கும் இடம் பெரிதாக இருந்தால்தான் பக்கவாட்டில் சாய்ந்து கழுவும்போது கவிழாது. நாலு காலும் சீமெந்துத் தரையில்தான் நிற்க வேண்டும், பேசின் மேல் ஒரு காலும் வரக்கூடாது. தரை எப்படியும் குழிப் பக்கம் சரிவாக இருக்கும். அந்தச் சரிவுக்குக் காலை அளந்து அறுக்க வேண்டும், கீழே எதையும் சொருகக் கூடாது. ஒவ்வொரு காலுக்கும் இறப்பர் புஷ் போட்டு, அது தேய்ந்ததும் மாற்ற வேண்டும். செய்து முடித்ததும் நாலு மூலையையும் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

உட்காரும் பலகைக்குக் கடையில் தனியாக விற்கும் கொமட் சீட்டை வாங்கிப் பூட்டலாம். வழவழப்பாக இருக்கும், தண்ணீர் ஊறாது. பஞ்சு வைத்துத் தைத்தால் சொகுசு என்று நினைக்கிறோம். மூத்திரம் ஊறிய பஞ்சு ஒரு வாரத்தில் நாறும், தோலையும் கெடுக்கும். கை வைக்கும் சட்டம் இருக்கையின் முன் விளிம்புவரை நீள வேண்டும். எழும்பும்போது கை ஊன்றுவது அந்த முன் முனையில்தான். பின்னுக்கே முடிந்துவிடும் கைச்சட்டம் படத்துக்கு நன்றாக இருக்கும், எழும்ப உதவாது.

உயரத்தைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டாம். முதுகுப்புறம் முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை அளந்து பாருங்கள். பாதம் இரண்டும் முழுதாகத் தரையில் பட வேண்டும். நமது அம்மாமார் பலர் குள்ளம். கடையில் கிடைக்கும் 18 அங்குல இருக்கையில் உட்கார்ந்தால் கால் தொங்கும், தொடை மரத்துப்போகும். அதே சமயம் முழங்கால் வலி மோசமாக உள்ளவருக்கும் இடுப்பு முறிந்தவருக்கும் ஓரிரு அங்குலம் கூட இருந்தால் எழும்ப லேசு. ஆகவே ஆளை அளந்துதான் செய்ய வேண்டும். சட்டை தைக்க அளவெடுக்கிறோம், இதற்கும் எடுப்போம்.

இருக்கைக்குக் காசு இல்லை என்றால் முதலில் கைபிடியைப் பூட்டுங்கள். எங்களைக் கேட்டால் இருக்கையை விடக் கைபிடிதான் அவசரம். குந்தக்கூடிய, ஆனால் எழும்பக் கஷ்டப்படும் ஆட்களுக்கு அது மட்டுமே போதும். கைக்குள் அடங்கும் ஒரு அங்குல ஜீ.ஐ. குழாய், சுவருக்கும் அதற்கும் நடுவில் விரல் போக ஒன்றரை அங்குல இடைவெளி. குந்தி இருப்பவருக்கு முன்சுவரில் அல்லது பக்கத்தில் நெட்டாக, ஓர் அடி உயரத்திலிருந்து மூன்று அடிவரை இருந்தால் கை மாற்றி மாற்றிப் பிடித்து எழும்பலாம். ஆனால் நமது கக்கூஸ் சுவர் நாலங்குலக் கல்லில் அவசரத்துக்குக் கட்டியது. ஆணி அடித்து மாட்டிய குழாய் ஒரு நாள் பாட்டியோடு சேர்ந்து கையோடு வரும். சுவருக்கு வெளியே தகடு வைத்து, ஊடுருவிப் போகும் போல்ட்டில் முறுக்க வேண்டும். சுவரே நம்பிக்கை இல்லை என்றால் குழாயைத் தரையில் குழி தோண்டி கொங்கிரீட் போட்டு நிறுத்த வேண்டும். வீட்டில் பாரம் கூடிய ஆள் தொங்கி இழுத்துப் பார்த்த பிறகுதான் பாட்டியிடம் கொடுக்க வேண்டும்.

கதவையும் பார்க்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவு என்றால், விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியே இருந்து தள்ள முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்க வைப்பது மேசன் பாஸுக்கு அரை நாள் வேலை.

7 பேர்ச்சஸ் காணிகளில் கட்டிய புதிய வீடுகள் சிலவற்றில் கொமட் இருக்கிறது. அங்கே பிரச்சினை வேறு. குந்திப் பழகியவர்களும் பிள்ளைகளும் கொமட் விளிம்பில் ஏறிக் குந்துகிறார்கள். அது பீங்கான். நிற்பதற்குச் செய்ததல்ல. உடைந்தால் கத்தியை விடக் கூர்மை, தொடையில் ஆழமாக வெட்டும். பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை, காலுக்குக் கீழே ஒரு சிறு மணை வைத்துக் கொடுங்கள், ஏற மாட்டார்கள். சீட் ஆடினால் கீழே இருக்கும் நட்டைப் பிடித்துக்கொண்டு மேல் திருகாணியை முறுக்குங்கள். நடுவில் இறப்பர் வளையம் இருக்க வேண்டும், அளவுக்கு மேல் முறுக்கினால் பீங்கான் வெடிக்கும். சீட்டின் அடியில் இருக்கும் சின்ன இறப்பர்க் கட்டைகளில் ஒன்று விழுந்திருந்தாலும் சீட் ஆடும். கொமட்டே தரையில் ஆடுகிறது என்றால் சீட்டில் கை வைக்க வேண்டாம், பாஸைக் கூப்பிட்டு அடியைச் சரி பண்ணுங்கள்.

பாடசாலைகளையும் விட முடியாது. அவை பிள்ளைகளுக்கு மட்டும் உரியவை அல்ல. தேர்தல் நாளில் வாக்களிப்பு நிலையம் அங்கேதான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலை சரிந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் பாடசாலைகளில்தான் தங்கின. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கட்டிய கக்கூஸில் எழுபது வயதுத் தாத்தா என்ன செய்வார்? இந்த நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக இருக்கிறது. 2006இல் பொதுக் கட்டடங்களுக்கான ஒழுங்குவிதிகள் வந்தன, மலசலகூடமும் அதில் அடங்கும். 2011இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. லயத்துக் கக்கூஸை அந்த விதிகள் எட்டவில்லை என்று வாதிடுவார்கள். பாடசாலையையும் ஆஸ்பத்திரியையும் பிரதேச சபைக் கட்டடத்தையும் பற்றி அப்படி வாதிட முடியாது.

லயத்துக்குக் கேட்க வேண்டிய இடம் கம்பனி. ஒவ்வொரு ஸ்டோரிலும் வெல்டிங் மிஷின் இருக்கிறது, பிட்டர் இருக்கிறார், கழித்துப் போட்ட குழாய் கிடக்கிறது. தேவைப்படும் வீட்டுக்கு ஓர் இருக்கையும் ஒரு கைபிடியும் தோட்டமே செய்து பூட்டித் தர வேண்டும் என்பது நமது கோரிக்கை. வாழ்நாள் முழுக்க அந்த ஸ்டோருக்குக் கொழுந்து கொடுத்தவர்களுக்கு இது தானம் இல்லை. பேர் வெட்டியாகிவிட்டது, ஈ.பி.எஃப். எடுத்துவிட்டார், இனி அவர் தோட்டத்து ஆள் இல்லை என்ற பதிலை ஏற்க வேண்டாம். அவர் இருப்பது தோட்டத்து லயத்தில்தான். 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு தோட்டத்துக்குள் வேலை செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று பிரதேச சபைகளும் சொல்ல முடியாது. படிக்கும் பாதைக்கும் விளக்குக்கும் நமது உறுப்பினர்கள் அங்கே பிரேரணை கொண்டுவரட்டும்.

சக்கர நாற்காலி கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போகும் கூட்டம் ஒன்றும் வருடாவருடம் வருகிறது. கொடுக்கட்டும். ஆனால் கக்கூஸ் வாசல் இரண்டடி, நாற்காலி அதைவிட அகலம். வாசலை அளந்து பார்த்து வந்தவர் ஒருவரை இன்னும் நாம் காணவில்லை.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு லயத்திலும் பெயர் எடுக்க வேண்டும். இந்த வேலையை மாதர் சங்கத் தலைவிமார் செய்தால் நல்லது, ஆண்களிடம் பாட்டிமார் வாய் திறக்க மாட்டார்கள். பெயர், லய நம்பர், குந்த முடியாத காரணம், முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை எத்தனை அங்குலம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சுவர் கல்லா மண்ணா. இவ்வளவும் ஒரு தாளில் போதும். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைத் துரையிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, மற்றதைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள்.