கொம்புள்ள ஓணானுக்கு விலை என்ன?

நுவரெலியா போகும் நம்மவர்கள் தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்து மலைக்காட்டில், மூக்கில் காண்டாமிருகம்போல் கொம்பு வைத்த ஓணான் உட்கார்ந்திருக்கும்!

செரட்டோபோரா என்ற இந்தப் பேரினம் இலங்கையில் மட்டும்தான் உண்டு. பெயரிடப்பட்டவை 6 இனங்கள். ஆறாவதுக்குப் பெயர் வைத்ததே 2020இல்தான். நக்கிள்ஸ் மலையில் வாழும் ஒன்றுக்கு, இலையை ஒட்டிவைத்ததுபோல மூக்கு. இரண்டு இனங்களுக்கோ கொம்பு இருக்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டும். பேரில் மட்டும் கொம்பன்!

மெதுவாக நகரும், பிடிப்பது சுலபம். அதுவே வினையாகிவிட்டது. ஏற்றுமதிக்கு இலங்கையில் தடை இருந்தும், செல்லப்பிராணிச் சந்தைக்காக ஐரோப்பாவரை கடத்தினார்கள். 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய சைட்ஸ் மாநாடு, அப்போது அறிந்திருந்த 5 இனங்களையும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. மலேசியாவில் சைட்ஸ் விதிகளை அமல்படுத்துவது 2008ஆம் ஆண்டின் 686ஆம் சட்டம்.

ஜொகூர் பாருவில் உட்கார்ந்து கைப்பேசியைத் தள்ளும்போது ‘அபூர்வ ஓணான்’ விளம்பரம் வந்தால், பிள்ளை ஆசைப்படுகிறானே என்று விலை கேட்காதீர்கள். பெர்ஹிலித்தானிடம் சொல்லுங்கள். “கூண்டில் பிறந்ததுங்க” என்பார் விற்பவர். அதன் தாய் எப்படிக் கடல் தாண்டியதாம்?