மிதிபட்ட சிறுமிக்குப் பேர் என்ன?

இலக்கிய வகுப்புகளில் தேய்ந்துபோன ஒரு வாக்கியம் உண்டு: 'மனித மனத்தின் இருண்ட பக்கத்தை இந்நாவல் சித்தரிக்கிறது.' ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1886ல் வெளியிட்ட டாக்டர் ஜெகில், மிஸ்டர் ஹைட் கதைக்கு இதை எழுதினால் மதிப்பெண் நிச்சயம். நல்லவரான ஜெகில் ஒரு மருந்தைக் குடித்து ஹைட் என்கிற கொடியவனாக மாறுகிறார். நம் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு ஹைட் இருக்கிறான். நீதி கிடைத்தது, மணி அடித்தது, வகுப்பு முடிந்தது.

நானும் அப்படித்தான் எழுதினேன். எழுதிவிட்டு வந்த அன்று ராத்திரி அந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் தோல் காயப்போடுகிற வேலை பார்த்தவர். லண்டனில் ஒரு தெரு, விடியற்காலை மூணு மணி. டாக்டரைக் கூட்டிவர அனுப்பப்பட்ட எட்டுப் பத்து வயசுச் சிறுமி ஓடுகிறாள். எதிரே வந்த ஹைட் அவளைத் தள்ளி, மிதித்துக்கொண்டு போகிறான். ஜனங்கள் மடக்கிப் பிடித்து, குடும்பத்துக்கு நூறு பவுன் கொடு, இல்லாவிட்டால் ஊர் முழுக்க உன் பேரைக் கெடுப்போம் என்கிறார்கள். அவன் ஒரு பின்வாசலைத் திறந்து உள்ளே போகிறான். பத்துப் பவுன் பொற்காசும் மீதிக்கு ஒரு செக்கும் கொண்டுவருகிறான். செக்கில் இருந்தது ஊரறிந்த பெரிய மனிதர் ஒருவரின் கையெழுத்து.

அம்மா கேட்டார்: "அது சரி, அந்தப் பொண்ணு இன்னா ஆச்சி? அது பேரு இன்னாடா?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தைத் திரும்பப் புரட்டினேன். பேர் இல்லை. முதல் அத்தியாயத்தில் அலறியவள் மறுபடி வரவேயில்லை. கடைசியில் ஜெகில் எழுதிவைக்கும் வாக்குமூலத்தில் 'ஒரு குழந்தை' என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். யாருக்கு உடம்பு முடியாமல் அவள் டாக்டரைத் தேடி ஓடினாளோ அவர் என்ன ஆனார் என்றும் யாரும் கேட்கவில்லை. காசு கைமாறியதும் அவள் கதையைவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் நாவல் முழுக்கப் பெரிய மனிதரின் மனப் போராட்டம்தான். மிதித்தவனுக்கு மனம் இருக்கிறது, அதில் வெளிச்சம் இருக்கிறது, இருட்டும் இருக்கிறது. மிதிபட்டவளுக்கு முதுகு மட்டும்தான்.

கெட்டதை ஒழிக்கத்தான் ஜெகில் மருந்து காய்ச்சினார் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வாக்குமூலத்தை ஒழுங்காகப் படியுங்கள். முன்பும் பெரிய மனிதர்கள் கூலிக்கு ஆள் வைத்துக் குற்றம் செய்ததுண்டு, தன் இன்பத்துக்காக அப்படி ஒரு ஆளை உண்டாக்கிக்கொண்டவன் நானே முதல் என்கிற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். ஹைட்டுக்கு சோஹோவில் வீடு பிடித்துச் சாமான் வாங்கிப் போட்டது யார்? ஹைட் பேருக்கு உயில் எழுதியது யார்? அந்தச் செக்கு விவகாரத்துக்குப் பிறகு, இனித் தன் பேர் அடிபடக் கூடாதென்று வேறொரு பேங்கில் ஹைட் பேரிலேயே கணக்குத் திறந்தது யார்? இது மனத்தின் இருட்டா, பினாமி ஏற்பாடா?

பாலாற்றங்கரையில் பிறந்தவனுக்கு இதில் புரியாதது எதுவுமில்லை. முன்வாசலில் ஐரோப்பாவுக்குப் போகிற ஷூவும் ஏற்றுமதி விருதும். பின்வாசலில் காண்ட்ராக்ட் மேஸ்திரி. குழியில் இறங்கியவனுக்கு ஏதாவது ஆனால் 'அவன் நம்ம ஆளே இல்லீங்க, மேஸ்திரி கூட்டியாந்த ஆளு' என்று கைவிரிக்கலாம். மழை பெய்த நாட்களில் மாராபட்டுப் பாலத்தின் மேல் நின்று ஆற்றில் வெள்ளை வெள்ளையாய் நுரை மிதந்து போவதைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். அந்த நுரைக்கும் பேர் இல்லை, கையெழுத்து இல்லை.

செக்கு மட்டும் வந்தது. 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ பாழாகிவிட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவனே காசு கட்ட வேண்டும் என்றார்கள். டேனரி ஒன்றுக்கு அபராதம் 10,000 ரூபாய். 2025 ஜனவரியிலும் அதே உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கியைக் கொடு, கெடுத்தவர்களிடம் பிறகு வசூல் செய்துகொள் என்று அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் 28 வருஷத்துக்கு மேல்.

இன்னொரு விடியற்காலையையும் சொல்கிறேன். 2015 ஜனவரி 31. ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோல் கழிவைச் சுத்திகரிக்கிற நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரிக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் பேரை நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? இதை 'விபத்து' என்றார்கள். விபத்து என்பதும், மனித மனத்தின் இருண்ட பக்கம் என்பதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. செய்தவனைக் காணாமல் ஆக்குகின்றன.

ஹைட்டின் உடம்பைப் பாருங்கள். குள்ளம், குரங்குச் சாயல், மயிர் அடர்ந்த மங்கிய நிறக் கை. தீமைக்கு ஒரு உருவம் கொடு என்றால் கனவான்களின் உலகம் எந்த உடம்பைத் தேடிப்போகிறது? கான்ராட்டின் 'இருளின் இதயம்' நாவலும் இதே சரக்குதான். தந்தத்துக்காகக் காங்கோவைச் சூறையாடியது ஐரோப்பியன். இருட்டு என்று பேர் வாங்கியது ஆப்பிரிக்கா. சினுவா அச்சிபி 1975ல் இதை எழுந்து நின்று கேட்டபோது பேராசிரியர்கள் பலருக்குக் கோபம் வந்தது. நமக்குக் கோபம் வரவில்லை. நமக்கு இது பழசு. தோலைத் தொட்டவன் தீட்டு. தோல் விற்ற காசுக்குத் தீட்டு கிடையாது.

பெரிய மனிதன் செய்திருக்க மாட்டான் என்கிற நம்பிக்கை லண்டனோடு போகவில்லை. 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கார் வைத்திருக்கிற நிலச்சுவான்தார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கஷ்டம் என்ற ரீதியில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. நீதிபதிகள் ஸ்டீவன்சனைப் படித்திருந்தால்கூட ஜெகிலை விடுதலை செய்துவிட்டு ஹைட்டைத்தான் தேடியிருப்பார்கள்.

அம்பேத்கர் 1936ல் 'சாதி ஒழிப்பு' நூலில் இந்த மர்மத்தை உடைத்துவிட்டார். சாதி பார்க்கிறவன் மிருகமாக மாறிவிட்டதால் பார்க்கவில்லை, தன் சாஸ்திரம் சொன்னதை நம்பி, பக்தியோடுதான் பார்க்கிறான் என்றார். யோசித்துப் பாருங்கள். இங்கே கொடுமை செய்ய யாரும் மருந்து குடிக்க வேண்டியதில்லை. ராத்திரிவரை காத்திருக்கவும் வேண்டாம். பட்டப்பகலில், குளித்து முழுகி, நல்லவனாகவே இருந்து செய்யலாம்.

'அப்படியானால் தலித்துகளிடம் இருட்டே கிடையாதா?' என்று கேட்பார்கள். இருக்கிறது. டேனரியில் வாங்கின அட்வான்சைக் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை உதைக்கிறவன் எங்கள் தெருவிலும் உண்டு. அதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். பாமா 'கருக்கு' (1992), 'சங்கதி' (1994) இரண்டிலும் சொந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை. தலித்துகளுக்கும் கீழே வைக்கப்பட்ட புதிரை வண்ணார் வாழ்க்கையை இமையம் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலில் எழுதியபோது நமக்குள்ளேயே சண்டை வந்தது. வரட்டும். அந்தப் புத்தகங்கள் 'மனித இயல்பு' என்று பெருமூச்சுவிட்டு ஒதுங்கவில்லை. யார் கை ஓங்கியது, யார் முதுகில் விழுந்தது, அன்றைக்குக் கூலி என்ன என்று பேரோடும் ஊரோடும் சொல்கின்றன. இருட்டு என்று பொதுவாகச் சொல்வதற்கும், விளக்கை அணைத்தவன் இவன் என்று காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு.

ஆகவே ஸ்டீவன்சனைக் கொளுத்தச் சொல்லவில்லை. படிக்கத்தான் சொல்கிறேன். அந்தப் பின்வாசலையும் செக்கையும் எழுதிவைத்தது அவர்தான், அதற்கு நன்றி. ஆனால் வரவேற்பறையில் உட்கார்ந்து படிக்காதீர்கள். மணியும் இல்லாமல், தட்டக் கொண்டியும் இல்லாமல், பெயிண்ட் உரிந்து கிடக்கிறதே அந்தப் பின்கதவு, அதற்கு வெளியே தெருவில் நின்று படியுங்கள். பேராணாம்பட்டிலிருந்து அழகிய பெரியவன் எழுதிய 'தகப்பன் கொடி'யையும், திண்டுக்கல் தோல் தொழிலாளிகளைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆங்கிலத்தில் ஹைட் என்கிற ஒலிக்கு ஒளிந்துகொள்வது என்றும் அர்த்தம், மாட்டுத் தோல் என்றும் அர்த்தம். முதல் அர்த்தம் வகுப்பில் தெரியும். இரண்டாவது எங்களுக்குத் தெரியும்.

அடுத்த முறை 'உனக்குள் இருக்கும் ஹைட் யார்?' என்று வாத்தியார் கேட்டால், எங்கள் பிள்ளைகள் எழுந்து நின்று திருப்பிக் கேட்கட்டும்:

"அதை அப்பறம் பாக்கலாம் சார். மிதிபட்டாளே, அவ பேரு இன்னா?"