வளரச் சொல்கிறீர்கள், எந்தப் பெயரில் வளர்வது?

போன மே மாதம் எங்கள் காலனி சபையில் மூன்று நாள் வாலிபர் முகாம். சென்னையிலிருந்து வந்த பேச்சாளர் நன்றாகவே பேசினார். தலைப்பு, சீஷத்துவத்தில் வளருதல். அதிகாலை ஜெபம், வேத வாசிப்பு, உபவாசம், செல்போனைக் குறைப்பது, காதலில் விழாமல் இருப்பது. மூன்றாம் நாள் மாலை, அழைப்பை உணர்கிறவர்கள் முன்னால் வாருங்கள் என்றார். பதினோரு பேர் போனார்கள். அவர்களில் ஒரு தங்கை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

"அண்ணா, அடுத்த மாசமே ஞானஸ்நானம் எடுக்கச் சொல்றாங்க. நான் குரூப் 4 எழுதப் போறேன். எடுத்தா என் சர்ட்டிபிகேட் என்ன ஆகும்?"

அந்த மூன்று நாளில் யாராவது சீஷத்துவத்தைப் பற்றி உண்மையாகவே பேசினார்கள் என்றால் அது அவள்தான். பேச்சாளரிடமும் கேட்டிருக்கிறாள். "கர்த்தர் பார்த்துக்குவார்ம்மா" என்றாராம். கர்த்தர் பார்த்துக்கொள்ளலாம். தாசில்தார் பார்த்துக்கொள்ள மாட்டாரே!

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையில் மூன்றாவது பத்தி என்று ஒன்று இருக்கிறது. இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தை வெளிப்படையாக ஏற்றவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது அது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் உள்ளே சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றைக்கும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். 18 விழுக்காட்டிலிருந்து எழுந்து, 26.5 விழுக்காட்டில் நிலமும் கடையும் வைத்திருக்கும் சாதிகளோடு போட்டி போட வேண்டும். ஊர்த்தெருவில் அடி வாங்கினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வராது. அடிக்கிறவன் மட்டும் மூன்றாவது பத்தியைப் படித்துவிட்டு அடிப்பதில்லை. அவனுக்கு நாம் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் காலனிதான்.

அந்தத் தங்கை பயந்ததில் கற்பனை எதுவும் இல்லை. புதுச்சேரியில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணின் வழக்கில், 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிச் சான்று கிடையாது என்று தீர்ப்பளித்தது. குழந்தையாக இருந்தபோது அவருக்குக் கொடுத்த திருமுழுக்கின் பதிவே அவருக்கு எதிரான சாட்சியாக வந்தது. சபை நம் பெயரை ஜீவபுத்தகத்தில் எழுதுவதாகச் சொல்லி ஒரு நோட்டில் எழுதுகிறது. அரசு அந்த நோட்டை எடுத்து நம் பெயரை இன்னொரு பட்டியலிலிருந்து அடிக்கிறது. 2023 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் போட்டதோடு தமிழ்நாட்டின் கடமை முடிந்தது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. அதைக் கிடப்பில் போட்டுவிட்டு 2022இல் புதிதாக ஒரு ஆணையம் அமைத்தார்கள்.

ஆக, எங்கள் விசுவாசம் பொய்யில்தான் தொடங்குகிறது. வீட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். பேதுரு சேவல் கூவுவதற்குள் மூன்று முறை மறுதலித்தான். நாங்கள் ஒவ்வொரு விண்ணப்பப் படிவத்திலும் மறுதலிக்கிறோம். பிறகு ஞாயிற்றுக்கிழமை, சாட்சியுள்ள வாழ்க்கை வாழுங்கள் என்று எங்களுக்கே பிரசங்கம் நடக்கிறது.

அரசை மட்டும் திட்டிவிட்டுப் போனால் சபைத் தலைவர்களுக்கு வசதியாக இருக்கும். அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10 கறுப்பு நாள், கறுப்புக் கொடி, மனு. அந்தக் கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு கமிட்டி அறைக்குள் போனால் என்ன நடக்கிறது?

எனக்கும் பத்தொன்பது வயதில் அழைப்பு வந்தது. சிரிக்காதீர்கள் தோழர்களே, நிஜமாகவே வந்தது. இறையியல் கல்லூரிக்கு அனுப்பும் தேர்வுக்குப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "பூர்வீகம் எது தம்பி?" உத்திரமேரூர் பக்கம் என்றேன். "உத்திரமேரூர்ல எங்க?" சொன்னேன். "சொந்தக்காரங்க எல்லாம் எங்க இருக்காங்க?" மூன்றாவது கேள்வி எதற்கு என்று இதைப் படிக்கிற உங்களில் பலருக்குத் தெரியும். வேதத்திலிருந்து ஒரு கேள்விகூட இல்லை. கடைசியில், "உன்னை மாதிரி ஆளுங்க உங்க ஜனங்க மத்தியிலயே ஊழியம் பண்ணணும்பா" என்று அன்பாக அனுப்பி வைத்தார்கள். நான்கு வருடம் உபதேசியாருக்கு உதவியாளாக இருந்தேன். இப்போது ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி.

எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், கி.பி. 919, 921 ஆண்டுகளின் முதலாம் பராந்தகன் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடத்தில் ஓலை போட யாருக்குத் தகுதி என்று எழுதியிருக்கிறது. வரி கட்டுகிற கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் படிப்பு. புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய அன்று பிரதமர் பெருமையோடு சொன்ன ஜனநாயகம் இதுதான். பிரம்மதேயத்துச் சபை அப்படித்தான் இருக்கும். கிறிஸ்துவின் சபை எதற்காக அந்தக் குடத்தையே தூக்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இந்த வியாதி நேற்று வந்ததில்லை. இராஜநாயக்கன் பறையர். தஞ்சை மன்னரின் படையில் சேவகர், பிறப்பால் கத்தோலிக்கர். சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு கையில் கிடைத்து, அதைப் படித்தே தரங்கம்பாடி லுத்தரன் மிஷனைத் தேடி வந்தவர். உபதேசியாராகி, தஞ்சைச் சீமையில் அடியும் மிரட்டலும் வாங்கிக்கொண்டு சபைகளை வளர்த்தார். 1741இல் இன்னொரு தமிழரைக் குருவாக அபிஷேகம் செய்யலாம் என்ற பேச்சு வந்தபோது அவர் பெயரும் அடிபட்டது. அவர் கையால் இராப்போஜனம் வாங்க மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் ஒப்ப மாட்டார்களே என்று மிஷனரிகள் தயங்கினார்கள். தியோகு என்பவருக்குக் குருப்பட்டம் போனது. தியோகு பறையர் இல்லை. இராஜநாயக்கன் 1771இல் சாகும்வரை உபதேசியார்தான். அவர் விசுவாசத்தில் வளரவில்லை என்று எவன் சொல்வான்? வளர்ந்தவருக்கு முன்னால்தான் கதவைச் சாத்தினார்கள். ஏறக்குறைய 300 வருடம் கழித்து என்னிடம் சொன்னதும் அதே பதில்தான், குரல் மட்டும் கொஞ்சம் மென்மையாக இருந்தது.

"அப்புறம் ஏன் இன்னும் அங்கேயே இருக்கீங்க தோழர், விட்டுட்டு வாங்க" என்பீர்கள். பலர் சொல்லியிருக்கிறார்கள். வாசிப்பு வட்டத்தில் அண்ணல் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதியதை எடுத்துப் படித்தும் காட்டினார்கள். அவர் எழுதியது சரி. தீண்டாமையிலிருந்து வந்தவர்களைச் சேர்த்துக்கொண்ட சபை சாதியை எதிர்த்து நிற்கவில்லை என்பதை அவரைவிடக் கூர்மையாக யாரும் சொல்லவில்லை. ஆனால் மனிதனுக்கு மதம் தேவையில்லை என்று அவர் முடிக்கவில்லை. என் தாத்தா பண்ணையில் படியாளாக இருந்தவர். அவரைப் பெயர் சொல்லி, நாற்காலி போட்டு உட்காரவைத்த முதல் இடம் அந்தச் சபை. அதை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மூன்று பேருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நான் ஏன் வெளியேற வேண்டும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீஷத்துவம் என்றால் அதிகாலை ஜெபம் என்று மட்டும் இந்த மண்ணில் எப்போதும் இருக்கவில்லை. 1880களிலும் 90களிலும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் (அன்று உத்திரமேரூரும் அதில்தான்) ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கூடி போன்ற மிஷனரிகள் படியாட்களின் நிலையை எழுதி எழுதி அரசைத் தொந்தரவு செய்தார்கள். குடியிருக்கும் மனைகூட மிராசுதாருடையது, எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துவிடுவான். 1891இல் ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கை, 1892இல் பஞ்சமி நில ஆணை. அந்த மிஷனரிகளையும் நான் புனிதராக்கவில்லை, அவர்களுக்கும் ஆத்துமாக் கணக்கு இருந்தது. ஆனால் விசுவாசிக்குக் காலடி மண் வேண்டும் என்பதாவது புரிந்திருந்தது. அந்த நிலம் பிறகு எப்படிப் பறிபோனது என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டு செங்கல்பட்டில் திரண்டவர்கள் மேல் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. துப்பாக்கிக்கு மூன்றாவது பத்தி தெரியவில்லை.

எங்கள் முகாமில் இந்தப் பெயர்களில் ஒன்றையும் யாரும் சொல்லவில்லை. நம் காலனிக்குப் பின்னால் இருக்கும் பஞ்சமி நிலம் இப்போது யார் கையில் என்று தாலுகா ஆபீஸில் போய்ப் பார்ப்போம் வாருங்கள் என்று அந்தப் பதினோரு பேரையும் அழைத்திருந்தால் அது அழைப்பு. தேர்வுக் கமிட்டியில் மூன்றாவது கேள்வியைக் கேட்டவரை எழுந்து நின்று கேள்வி கேட்கப் பழக்கியிருந்தால் அது வளர்ச்சி. காதலிக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அதிலும் எந்தச் சாதியைக் காப்பாற்றுகிறார்களோ!

அந்தத் தங்கையிடம், இப்போது முழுக வேண்டாம், முதலில் தேர்வை எழுது என்றேன். இயேசு கோபித்துக்கொள்வாரா என்று கேட்டாள். ஓய்வுநாளை விட மனிதனைப் பெரிதாக நினைத்தவர் கோபிக்க மாட்டார் என்றேன். விஷயம் போதகர் வரை போனது. ஆத்துமாவைத் தடுத்த குற்றத்துக்காக வாலிபர் சங்கப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

ஞானஸ்நானம் எடுக்காதவர்கள் திருவிருந்து நேரத்தில் எழுந்து போகக் கூடாது. மற்றவர்கள் வரிசையில் நிற்கும்போது அவள் பெண்கள் பக்கம் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். மூன்று மாதமாக நானும் எழுவதில்லை. போன முறை அவள் அம்மாவும் எழவில்லை.