மார்க் குறைஞ்ச பிள்ளை கோவில்ல எங்க உட்காரும்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. மகள்கிட்ட கேட்டு, அவ சரின்னு சொன்ன பிறகுதான் எழுதுறேன்.

என் மகள் வேலை பார்த்துக்கிட்டே மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க ஜிஆர்ஈ தேர்வு எழுதினா. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நம்ம கோவில்ல அவ பேர்ல அர்ச்சனை வெச்சேன். அன்னதானத்துல சோறு போடும்போது பத்து பேர்கிட்டயாவது சொல்லியிருப்பேன், "320 எடுத்துடுவா"ன்னு. தப்பு அங்கதான் ஆரம்பிச்சது. அது என் தப்பு.

இதுல கணக்குக்கு 170, ஆங்கிலத்துக்கு 170, மொத்தம் 340. ரெண்டுலயும் கீழ்மட்டமே 130தான். கட்டுரையைத் தவிர மத்த மார்க் முடிச்சவுடனே திரையிலேயே வந்துடும். அவளுக்கு வந்தது 301. கார்ல ஏறினவ ஒரு வார்த்தை பேசல. நானாவது சும்மா இருந்திருக்கணும். "இவ்வளவு வெள்ளி கட்டி..."ன்னு ஆரம்பிச்சுட்டேன்.

ஆறு வாரம் அவ கோவிலுக்கு வரல. சாமி மேல கோவம்னு நெனச்சேன். அவ அம்மாகிட்ட சொல்லியிருக்கா: "சாமியைப் பார்க்க எனக்கு ஒன்னும் இல்லம்மா. செருப்பு விடுற இடத்துலயே மார்க் கேட்பாங்க."

எஸ்பிஎம் வந்தா கோவில்ல சிறப்புப் பிரார்த்தனை, பேனா வெச்சு பூஜை. ரிசல்ட் வந்ததும் 'ஏ' எடுத்த பிள்ளைகளுக்கு மாலை, பரிசு. நல்ல காரியம், நானே நாற்காலி தூக்கிப் போட்டிருக்கேன். ஆனா எடுக்காத பிள்ளை அன்னைக்கு எங்க உட்காரும்னு இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட யோசிச்சதில்ல.

ஒரு அண்ணன் ஏழரைச் சனின்னு சொன்னார். சரிங்கண்ணே, எள் விளக்கு நானும் ஏத்துறேன். ஆனா எங்க ஃபேக்டரியில ஒரு லாட் ரிஜெக்ட் ஆனா, உடனே மெஷினை மறுபடி ஓட்ட மாட்டோம். எந்த இடத்துல போச்சுன்னு முதல்ல பிரிச்சுப் பார்ப்போம். வீட்டுலயும் அதைத்தான் செஞ்சோம். மணி வெச்சு பயிற்சித் தேர்வு எழுதினா, நான் பக்கத்துல நேரம் பார்த்தேன். கணக்கு ரெண்டு பாகம். முதல்ல 21 நிமிஷத்துக்கு 12 கேள்வி, அடுத்தது 26 நிமிஷத்துக்கு 15. முதல் பாகத்துல எப்படி செய்றோமோ அதை வெச்சுத்தான் ரெண்டாவது பாகம் கஷ்டமா சுலபமான்னு வரும். இவ கஷ்டமான ஒரே கேள்வியில அஞ்சு நிமிஷம் நின்னுட்டு, கடைசி நாலு கேள்வியைத் தொடவே இல்ல. தப்பான பதிலுக்கு மார்க் கழிக்க மாட்டாங்க, சும்மா ஒன்னை அழுத்தியிருந்தாகூட லாபம். கணக்கு தெரியாம இல்லைங்க. விட்டுட்டு அடுத்ததுக்குப் போகத் தெரியல.

என்னை மாதிரி எஸ்பிஎம்மோட நின்ன அப்பா அம்மாவுக்கு இன்னொன்னும் தெரியாது. 21 நாள் கழிச்சு இதைத் திரும்ப எழுதலாம். 12 மாசத்துல 5 தடவை வரைக்கும் விடுவாங்க. எந்தத் தேர்வோட மார்க்கை பல்கலைக்கழகத்துக்கு அனுப்பறதுன்னு நாமளே தேர்ந்தெடுக்கலாம். அந்த 301 யார் கண்ணுலயும் படவே வேண்டாம். இது தெரியாமதான் அன்னைக்கு கார்ல அப்படிப் பேசினேன். ஆனா 21 நாள்ல போய் உட்காராதேன்னு நான்தான் தடுத்தேன். தப்பைச் சரி பண்ணாம திரும்ப எழுதினா அதே மார்க்தான் வரும். மூணு மாசம் எடுத்துக்கிட்டா.

நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். வேலை நாள் ராத்திரியில மண்டபத்து மாடி அறை சும்மாதான் கிடக்கு. எஸ்டிபிஎம், ஜிஆர்ஈ, எதுவானாலும் சரி, திரும்ப எழுதுற பிள்ளைகள் வந்து படிக்கட்டும். விளக்கும் காத்தாடியும் போதும். பேர் எழுத வேண்டாம், மார்க் கேட்க வேண்டாம். திங்களும் புதனும் சாவி நான் வெச்சுக்கறேன், பத்து மணிக்குப் பூட்டிட்டுப் போறேன்.

மகள் அடுத்த மாசம் எழுதுறா. போன வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வந்தா, பாத்திரம் கழுவ நின்னா. யாரும் எதுவும் கேட்கல. அதுக்கு நன்றி.