கிளட்சை மாத்துறதுக்கு முன்னாடி

மல்லாங்கிணறுல இருந்து விருதுநகருக்கு தினமும் பைக்ல போற ஆள் நான். போன ஐப்பசியில ஒருநாள் காலையில லேசா தூறல். பின்னாடி தங்கச்சி உட்கார்ந்திருந்தா. முன்னாடி போன லாரி திடீர்னு வேகத்தைக் குறைச்சது. பதட்டத்துல நாலாவது கியர்ல இருந்து ரெண்டாவதுக்குத் தடதடன்னு இறக்கி, கிளட்சைப் படக்குனு விட்டேன். பின் டயர் ஒரு பக்கமா இழுத்துட்டுப் போச்சு. ரெண்டு பேரும் ரோட்டோர மண்ணுல கிடந்தோம். எனக்கு ஒண்ணும் ஆகல. தங்கச்சிக்கு முழங்கையில ஆறு தையல்.

அன்னைக்கு ராத்திரியே ஸ்லிப்பர் கிளட்ச் என்ன விலைன்னு போன்ல தேட ஆரம்பிச்சுட்டேன். நம்ம வகுப்புலயே நாலைஞ்சு பேர் இப்படித் தேடிக்கிட்டு இருக்கிறது தெரிஞ்சதாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல அன்னைக்கு என்ன நடந்ததுன்னு பார்ப்போம். உதாரணத்துக்கு, நாலாவது கியர்ல 4500 ஆர்பிஎம்ல ஓடுற எஞ்சின், அதே வேகத்துல ரெண்டாவது கியருக்கு வந்தா சுமார் 7000-க்கு மேல சுத்தணும். அந்தக் கூடுதல் சுற்றுக்கு சக்தி எங்கிருந்து வரும்? நான் ஆக்சிலேட்டர் கொடுக்கல. அதனால பின் சக்கரம்தான் எஞ்சினைப் பிடிச்சு இழுத்து சுத்த வைக்கணும். ஈர ரோட்டுல டயருக்கு அந்த அளவு பிடிமானம் கிடையாது. ஒரு நொடி பின் சக்கரம் நின்ன மாதிரி ஆகி, வழுக்கிடுச்சு.

"ஏபிஎஸ் வண்டியா இருந்தா விழுந்திருக்க மாட்டே"ன்னு ஒரு நண்பன் சொன்னான். 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல உள்ள வண்டிக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம்தான். ஆனா ஏபிஎஸ் பிரேக்கோட அழுத்தத்தை மட்டும்தான் தளர்த்தும். சக்கரத்தைப் பிடிக்கிறது எஞ்சினா இருந்தா அது என்ன பண்ணும்? இது ஆட்டோமொபைல் படிக்கிறவங்களுக்கே பல பேருக்குத் தெரியல. எனக்கும் விழுந்ததுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது.

ஸ்லிப்பர் கிளட்ச் செய்யுற வேலை இங்கதான் வருது. உள்ளே ஹப்புக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவுல சாய்வான மேடுகள் இருக்கும். சக்கரம் எஞ்சினைத் தள்ளும்போது அந்தச் சாய்வு பிரஷர் பிளேட்டைக் கொஞ்சம் தூக்கும். பிளேட்டுகளோட பிடி தளர்ந்து, கிளட்ச் பாதி வழுக்கும். டயர் வழுக்க வேண்டியதை கிளட்ச் வழுக்கிக் கொடுக்குது, அவ்வளவுதான். இதே சாய்வை எதிர்ப்பக்கமும் வெச்சா, எஞ்சின் இழுக்கும்போது பிளேட்டுகள் தானா இறுகும். அப்ப மெல்லிசான ஸ்பிரிங்கே போதும், லீவர் லேசாகும். இதைத்தான் அசிஸ்ட்னு சொல்றாங்க.

இதை முறையா செஞ்ச உதாரணம் நம்ம ஓசூர்லயே இருக்கு. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வண்டி 2017 டிசம்பர்ல வந்தப்ப அதுல ஸ்லிப்பர் கிளட்ச் கிடையாது. 2019 மே மாசம் சேர்த்தாங்க. அந்தப் புது வண்டியை முதல்ல வாங்கினது நம்ம தல தோனி. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், பழைய வண்டி வெச்சிருக்கிறவங்களும் அதே கிளட்சைப் பொருத்திக்கலாம்னு கம்பெனியே வழி பண்ணிக் கொடுத்தது. அந்த எஞ்சினோட டார்க், ஸ்பிரிங், சாய்வோட கோணம் எல்லாம் பார்த்து அளந்து செஞ்ச பாகம். மேம்படுத்துறதுன்னா அது.

நான் பண்ணப் பார்த்தது வேற. அப்பாவோட பழைய 150 சிசி வண்டிக்கு, இன்னொரு வண்டியோட கிளட்ச் செட்டை 'கொஞ்சம் கடைஞ்சு' மாட்டித் தரேன்னு ஒருத்தர் சொன்னார். சரின்னு சொல்லிட்டேன். நல்லவேளை, அதுக்கு முன்னாடி ஊர்ல நாங்க வழக்கமா விடுற மெக்கானிக் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். அவர் லீவரை ரெண்டு தடவை அமுக்கிப் பார்த்துட்டு, "தம்பி, இந்த கேபிளை எப்ப மாத்துனீங்க?"ன்னார்.

மாத்தினதே இல்லை. கேபிள் உள்ளே துரு. லீவர்ல ஆட்டம் அதிகமா இருந்ததால கிளட்ச் முழுசா விடுபடவே இல்லை. பெரும்பாலான வண்டிகள்ல லீவர் நுனியில 10-ல இருந்து 20 மில்லிமீட்டர் வரைக்கும்தான் ஆட்டம் இருக்கணும், சரியான அளவு வண்டியோட கையேட்டுல இருக்கும். செயின் தொங்கிக்கிட்டு இருந்தது. பின் சக்கரத்துக்குள்ள இருக்கிற டேம்பர் ரப்பர் தேஞ்சு போயிருந்தது. எஞ்சின் ஆயில் வேற, மிச்சம் இருக்கேன்னு நான் ஊத்தின கார் ஆயில். நம்ம பைக் கிளட்ச் ஆயில்லயே மூழ்கி ஓடுறது. கார் ஆயில்கள் பலதுல உராய்வைக் குறைக்கிற மருந்து கலந்திருக்கும், அது கிளட்ச் பிளேட்டை வழுக்க விட்டுடும். டப்பாவுல ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2ன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்கணும். எம்பின்னு போட்டது ஸ்கூட்டருக்கு.

எல்லாம் மாத்தினப்புறம் அவர் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார். வேகத்தை பிரேக்லதான் குறைக்கணும். கியரை ஒவ்வொண்ணாதான் இறக்கணும். கிளட்ச் பிடிச்சிருக்கிற அந்த அரை நொடியில ஆக்சிலேட்டரை ஒரு சின்ன முறுக்கு முறுக்கிட்டு, கிளட்சை விடணும். எஞ்சின் தானே சுற்றை ஏத்திக்கிறதால சக்கரம் இழுக்க வேண்டிய வேலை இல்லை. காரியாபட்டி ரோட்டுல ஆள் இல்லாத நேரமா பார்த்து ஒரு வாரம் பழகினேன். முதல் ரெண்டு நாள் வண்டி தவளை மாதிரி குதிச்சது. அப்புறம் கை பழகிருச்சு.

அதனால ஸ்லிப்பர் கிளட்ச் வெட்டிச் செலவுன்னு நான் சொல்ல வரல. இருங்காட்டுக்கோட்டை டிராக்ல திருப்பத்துக்குத் திருப்பம் மூணு கியர் இறக்குறவனுக்கு அது வேணும். பெரிய ஒத்தை சிலிண்டர் எஞ்சினுக்கு வேணும், அதோட பின்னிழுப்பு அவ்வளவு. உங்க வண்டிக்குக் கம்பெனியே தயாரிச்ச பாகம் இருந்தா, காசு இருந்தா, தாராளமா போடுங்க. ஆனா 100, 150 சிசி வண்டியில எஞ்சினோட பின்னிழுப்பே குறைவு. அதுல வர்ற குலுக்கல்ல பெரும்பகுதி கேபிள், செயின், கை மூணுலதான் இருக்கு. கடைஞ்சு மாட்டின கிளட்ச் ஓவர்டேக் பண்ற நேரத்துல வழுக்கினா, பட்டாசு லாரிக்குப் பக்கத்துல வேகம் ஏறாம மாட்டிக்குவோம்.

சின்ன வண்டிகளுக்கு நாம கேட்க வேண்டியது அந்த அசிஸ்ட் பாதியைத்தான்னு எனக்குத் தோணுது. ராயல் என்ஃபீல்டு 2018-ல 650 வண்டிகளுக்குக் கொடுத்த ஸ்லிப்-அசிஸ்ட் கிளட்ச், 2025-ல ஹண்டர் 350-க்கும் வந்துடுச்சு. நாள் முழுக்க கிளட்ச் அமுக்கி மணிக்கட்டு வலிக்கிற டெலிவரி அண்ணன்கள் ஓட்டுறது 100 சிசி. அதுக்கு எப்ப வரும்? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னு வருஷா வருஷம் சைக்கிள்ல மோட்டார் மாட்டுறோமே, அதுக்குப் பதிலா ஒரு பழைய 100 சிசி ஹப்பை எடுத்து, சாய்வு எந்தக் கோணத்துல இருந்தா லீவர் எவ்வளவு லேசாகும்னு அளந்து பார்க்கலாம். லீவர்ல மாட்ட ஒரு ஸ்பிரிங் தராசு போதும். ஹப் என்கிட்ட ஒண்ணு இருக்கு, சேர விருப்பமுள்ளவங்க மெக்கானிக்கல் மூணாம் வருஷத்துல வந்து கேளுங்க.