உயர்திணையில் ஓர் இடம்

சோமனூருக்குள் நுழைகிறவர்களை முதலில் வரவேற்பது தறிச்சத்தம். வீட்டை ஒட்டிய கொட்டகையில் சில விசைத்தறிகள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் நிற்க, வயதானவர்கள் தார் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கூலிக்கு நெய்யும் பல குடும்பங்களின் அன்றாடம் இதுதான். பாவும் நூலும் வியாபாரியுடையவை, உழைப்பு குடும்பத்தினுடையது. வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற ஊரில், வீட்டைவிட்டு விரட்டப்படும் ஓர் இளைஞர் உறவையும் சோற்றையும் கைத்தொழிலையும் ஒரே நாளில் இழக்கிறார்.

எங்களோடு ஒன்பதாம் வகுப்பு வரை படித்த ஒருவர் அப்படித்தான் போனார். அவருடைய நடையையும் குரலையும் வைத்து வகுப்பில் ஒரு பட்டப்பெயர் வழங்கியது. அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நாங்களும் உண்டு. ஒருநாள் அவர் வரவில்லை. பிறகு வரவே இல்லை. எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பின்னாளில் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’யைப் படித்து உருகினோம். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007-இல் வெளிவந்தபோது கூடியமர்ந்து விவாதித்தோம். அந்த விவாதத்திலும் எங்களில் ஒருவருக்குக்கூட அந்தத் தோழரின் நினைவு வரவில்லை. அந்த வெட்கத்திலிருந்துதான் இதை எழுதுகிறோம்.

சட்டம் நம்மைவிட வேகமாக நடந்திருக்கிறது. 2008-இல் தமிழகம் அரவாணிகளுக்கென நல வாரியம் அமைத்தது. நாட்டிலேயே இத்தகைய முதல் வாரியம் அது. 2014-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. வயது வந்தோரின் ஒப்புதலுள்ள தன்பாலின உறவு குற்றமல்ல என்று 2018-இல் கூறியது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்றும்’ முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தமக்கே இதில் புரிதல் போதாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் கேட்டறிந்த பின்னரே அவர் தீர்ப்பெழுதினார். கற்றவர் ஒருவர் தம் அறியாமையை ஒப்புக்கொள்வது எளிய செயலா?

2025 மே மாதம் அதே நீதிமன்றத்துக்கு வேறொரு வழக்கு வந்தது. பெற்றோர் வீட்டில் அடைத்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணை மீட்கக் கோரி அவருடைய தோழி மனுச்செய்திருந்தார். திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்று கூறிய நீதிபதிகள், அப்பெண்ணை அவர் விருப்பப்படி செல்ல விடுத்தனர். எல்லாப் பெற்றோரும் லீலா சேத்தைப் போன்றவர்கள் அல்லர் என்றும் குறிப்பிட்டனர். நாவலாசிரியர் விக்ரம் சேத்தின் தாயான லீலா சேத், முன்னாள் தலைமை நீதிபதி. தன்பாலின உறவை மீண்டும் குற்றமாக்கிய 2013 தீர்ப்பைக் கண்டித்து, ஒரு தாயாகவும் பகிரங்கமாக எழுதியவர்.

ஆனால் தறிக்கொட்டகையில் நிற்கும் தாய்க்கு இந்தப் பெயர்கள் எப்படித் தெரியும்? அவர் அஞ்சுவது ஊரின் வாய்க்கு. பிள்ளைக்குத் தெரிந்த ஒரே வழி வெளியூர்ப் பேருந்து. கூவாகத்தில் ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் உறவும், பெருநகரங்களில் திருநங்கைகள் தமக்குள் அமைத்துக்கொண்ட தாய்-மகள் உறவும் பெருமைக்குரியவை. எனினும், பிறந்த ஊரில் கிடைக்காத இடத்தைத் தேடித்தானே அங்கே போகிறார்கள்? தன்பாலீர்ப்புள்ள இளைஞர்களின் நிலை இன்னும் தனிமையானது. அவர்களைப் பார்த்து ஊர் சிரிப்பதில்லை. பெண் பார்க்கிறது, மாப்பிள்ளை பார்க்கிறது. தம் நிலையைச் சொல்ல ஒரு சொல்கூட இல்லாமல் அவர்கள் வளர்கிறார்கள்.

சொல் எங்கள் துறை. ஆகவே அங்கிருந்தே தொடங்கலாம் என்பது எங்கள் கருத்து. பால் திரிந்தவர்களைத் தொல்காப்பியர் உயர்திணையில்தான் வைத்தார். நாமோ இன்றும் ‘அது’ என்கிறோம், ஓர் எண்ணைச் சொல்லி இழிவு செய்கிறோம். திருநர், பால்புதுமையர் போன்ற மதிப்பான சொற்களை 2022-இல் தமிழக அரசு அரசிதழிலேயே வெளியிட்டுவிட்டது. அவை பள்ளிக்கூடத்துக்கும் தேநீர்க் கடைக்கும் வர வேண்டும். வகுப்பில் பட்டப்பெயர் எழும்போது ஆசிரியர் அதை அங்கேயே நிறுத்தினால், ஒரு பிள்ளையின் படிப்பு பிழைக்கும். ஊர் நூலகத்தில் மேற்சொன்ன இரு நூல்களும் ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ நூலும் கைக்கெட்டும் தட்டில் இருந்தால், தன்னைப்போல் இன்னொருவர் உண்டு என்று ஒரு பதினாறு வயது அறிந்துகொள்ளும். தறி உரிமையாளர் ஒருவர் துணிந்து வேலை கொடுத்தால், அடுத்தவர் கொடுப்பார்.

இவை சிறியவை என்று தோன்றலாம். எங்கள் தோழருக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவர் என்றாவது திரும்பி வந்தால், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கும் தகுதி எங்களுக்கு இல்லை. இப்போது உங்களை எந்தப் பெயரில் அழைக்க வேண்டும் என்று மட்டும் கேட்போம்.