அந்த 150 மாத்திரை

போன வாரம் பக்கத்து பிளாக் தோழி வாட்ஸப்பில் கேட்டாள், "அக்கா, அந்த 150 மாத்திரை பேர் மறந்துபோச்சு, அனுப்புங்களேன்." ஃப்ளூகோனசோல். இந்த வருஷத்தில் மூணாவது தடவை. டாக்டரிடம் போம்மா என்றால், "அந்த அரிப்பையெல்லாம் இந்தியில எப்படிக்கா சொல்றது?" புனேவுக்கு வந்த புதிதில் எனக்கும் இதே வெட்கம்தான், அதனால் திட்ட மனசு வரலை. ஆனா பேரை அனுப்பவும் இல்லை. கோபம் அவளுக்கு. அவளுக்காகத்தான் இந்தப் பதிவு. (லேபில் பூஞ்சை வளர்த்துப் பிழைக்கிறவள் நான், வேறென்ன எழுதுவேன் :-))

மருந்துக்கு அடங்காமல் போக, கிருமியின் ஜீனில் எழுத்து மாறணும் என்றுதான் கல்லூரியில் படித்தோம். கேண்டிடா அல்பிகன்ஸ் என்கிற ஈஸ்டுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. அதுக்கு இருப்பது 8 ஜோடி குரோமோசோம். அதில் வேண்டியதை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறது! 5-ஆம் குரோமோசோமின் இடது கை இரண்டை ஒட்டவைத்து, கூடுதலாக ஒரு குரோமோசோம் செய்துகொள்வதை 2006-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஃப்ளூகோனசோல் தாக்குகிற என்சைமுக்கான ஜீன், மருந்தை வெளியே இறைக்கும் பம்பை முடுக்கிவிடும் ஜீன், இரண்டுமே அந்தக் கையில்தான். எழுத்து எதுவும் மாறலை, எண்ணிக்கைதான் கூடியது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது 2014-இல் வந்த ஆய்வு. இந்த மருந்தே ஈஸ்டின் செல் பிரிவைக் குழப்பி, மூணு செல் ஒட்டிக்கொண்ட உருவங்களை உண்டாக்குகிறதாம். அவை பிரியும்போது குரோமோசோம் கணக்கு தாறுமாறு. அதில் தப்பிக்கிற கணக்கும் ஒன்றிரண்டு கிடைத்துவிடுகிறது.

எச்ஐவி நோயாளிகளுக்கு மூளைக்காய்ச்சல் தருகிற கிரிப்டோகாக்கஸ் இன்னும் பெரிய கில்லாடி. அது இரட்டிப்பது 1-ஆம் குரோமோசோமை. மருந்து நின்றால் சுமையைக் கழட்டிவிட்டு நல்ல பிள்ளை ஆகிவிடும். அதனால் எங்கள் தட்டில் 'மருந்து கேட்கும்' என்று வருகிற ரிப்போர்ட்டை முழுசாக நம்ப முடியாது. தான்சானியா நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2019-இல் வந்தது. ஃப்ளூகோனசோல் மட்டும் கொடுத்தபோது இந்த அடங்காத கூட்டம் பெருகியது. ஃப்ளூசைட்டோசினும் சேர்த்தபோது தலைதூக்கலை. எதை, எத்தனை நாள், எதோடு சேர்த்து என்பதில்தான் எல்லாமே இருக்கு. அதை மெடிக்கல் ஷாப் தம்பி முடிவு பண்ணக்கூடாது, நானும் கூடாது.

ஒரு மாத்திரையில் எல்லாருக்கும் இப்படி ஆகும்னு பயமுறுத்தலை. முதல் தடவை பலருக்கும் சரியாகிவிடும். மூணாவது தடவை வந்தால் சோதிக்கணும். அது ஈஸ்ட்தானா என்பதே சந்தேகம், சர்க்கரையும் பார்க்கணும். சீட்டில்லாமல் கடைக்காரர் நீட்டுவது தப்பு, நாம் கேட்பதும் தப்பு.

சனிக்கிழமை நானே கூட்டிப்போனேன். இந்தியில் நான் பேசினேன், அவள் தலையாட்டினாள். ஸ்வாப் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் புதன்கிழமை.